நல் மதிப்பு: வினவல் விடைகளை வாசிக்கும் முறைகளின் வரலாறு

தரவுத்தள அட்டவணையில் ஒரு புலத்துக்கு மதிப்பு இல்லை என்பதைக் குறிப்பது ‘நல்’. இது பூஜ்ஜியத்திலிருந்தும் வெற்றுச் சரத்திலிருந்தும் வேறானது. வினவலின் விடையை நிரலின் மாறிக்குள் வாங்கும்போது சிக்கல் எழுகிறது. சி, கோபோல் போன்ற மொழிகளின் முழுஎண் மாறியில் ‘மதிப்பில்லை’ என்ற நிலையே கிடையாது.

உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் நல்லை விரிவாக ஆராய்ந்தார். 1975இலேயே அவர் இதைத் தொட்டுவிட்டார் என்பாரும் உண்டு. நல்லே கூடாது என்பது தரவுத்தள அறிஞர் கிறிஸ் டேட்டின் நிலை. இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

நிரலுக்குள் எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியின் கட்டளைகளைப் பதித்து எழுதிய காலத்தின் தீர்வு இண்டிகேட்டர் மாறி. மதிப்பை வாங்கும் ஒவ்வொரு மாறிக்கும் துணையாக ஒரு சிறிய முழுஎண் மாறி அறிவிக்கப்பட்டது. அதில் 0 வந்தால் மதிப்பு முழுமையாக வந்திருக்கிறது. -1 வந்தால் நல். நேர் எண் வந்தால் சரம் வெட்டப்பட்டிருக்கிறது, அந்த எண்ணே சரத்தின் அசல் நீளம். ஓர் எண்ணுக்குள் இத்தனை செய்தியை அடக்கிய சிக்கனம் குறிப்பிடத்தக்கது. ஐபிஎம்மின் டிபி2வில் -2ம் உண்டு: கணக்கீட்டுப் பிழையால் விளைந்த நல் அது. இண்டிகேட்டர் இல்லாத இடத்தில் நல் வந்தால் டிபி2 -305 என்ற பிழைக்குறியைத் தரும். இண்டிகேட்டரை வைத்துவிட்டுச் சோதிக்க மறந்தால் முந்தைய வரிசையின் மதிப்பே மாறியில் தங்கி, அடுத்தவர் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

1997இல் ஜாவாவில் சேர்க்கப்பட்ட தரவுத்தள இடைமுகமான ஜேடிபிசி வேறு வழியைக் கைக்கொண்டது. எடுத்துக்காட்டாக, தள்ளுபடிப் புலம் நல்லாக இருந்தால், முழுஎண்ணை வாசிக்கும் ‘கெட்இன்ட்’ 0 என்றே தரும். தள்ளுபடி 0 என்று பதிந்திருந்தாலும் அதே 0தான். வேறுபாட்டை அறிய உடனே ‘வாஸ்நல்’லை அழைக்க வேண்டும். அது கடைசியாக வாசித்த புலத்தைப் பற்றி மட்டுமே விடை சொல்லும்; இடையில் இன்னொரு புலத்தை வாசித்தால் விடை அதற்குரியதாகிவிடும்.

டாட்நெட்டில் ‘டிபிநல்’ என்ற தனிப்பொருளும், பைத்தானில் ‘நன்’னும் நல்லைக் குறிக்கும் பணியைச் செய்கின்றன. ஆரக்கிள் தரவுத்தளமோ வெற்றுச் சரத்தையும் நல்லாகவே கொள்கிறது. இது சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கோ நிரல்மொழியின் 1.22ஆம் பதிப்பு (2024) எந்த வகைக்கும் பொருந்தும் பொதுவான நல் வகையைச் சேர்த்தது.