காந்தளும் கலப்பைக்கிழங்கும்

குறிஞ்சி நிலத்துப் பூக்களுள் காந்தள் தலைமை சான்றது. கபிலர் குறிஞ்சிப்பாட்டிற் பூக்களை அடுக்கிக் கூறுங்கால் இதனையே முதற்கண் வைத்தனர். தொல்காப்பியனார் வேலன் அயரும் வெறியாட்டினைக் காந்தள் என்னுந் துறைப்பெயராற் குறித்தனர். பதினோராந் திருமுறையுட் சேர்ந்த திருமுருகாற்றுப்படை, முருகப்பெருமான் திருமுடிக்கண் காந்தட் கண்ணி விளங்குதலைக் கூறும். அப்பூவை வண்டு மொய்யாதென்றும் உரைக்கும்.

இதன் பூ கார்த்திகைப்பூ எனவும், கிழங்கு கலப்பைக்கிழங்கு எனவும் வழங்கும். கார்த்திகைத் திங்களளவில் மலர்தலான் முன்னது. கலப்பைபோல் வளைந்து கவடுபடுதலான் பின்னது. வடநூலார் கூறும் லாங்கலி என்னும் பெயரும் கலப்பையையே குறித்து வந்ததாம். பெயர் வேறுபாடு கண்டு பொருளும் வேறென மயங்குவாருளர். புலவர் பூவை நோக்கினர், மருத்துவர் கிழங்கை நோக்கினர், பொருள் ஒன்றே.

இதன் இலைநுனி சுருண்டு அயற்செடியைப் பற்றும். ஆறிதழும் பசுமையாய் அரும்பி, மஞ்சளித்து, முடிவிற் செந்தீ நிறமெய்தும். ஆண்டுதோறும் கொடி பட்டொழியினும் கிழங்கு நிலத்துட் கிடந்து மறுமழைக்குத் தளிர்க்கும்.

மேற்கூறிய மயக்கம் சொல்லளவில் நில்லாது. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நஞ்சுண்டு. அதுவே அளவறிந்து கொடுப்பின் கீல்நோய்க்கு மருந்தாம். ஆதலின் மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய இடங்களில் விதை கருதி இக்கொடியைப் பயிரிடுகின்றனர். வள்ளிக்கிழங்கென மயங்கி இதனையுண்டு உயிர்நீத்தார் இலங்கையில் உளர். ஆகவே, நூலிற் காந்தளெனப் பயின்று முன்றிலில் அழகுக்கு வளர்ப்போர், அதுவே கலப்பைக்கிழங்கென உணர்ந்து, சிறார் கைக்கு எட்டாவண்ணம் காத்தல் கடனென்க.