தந்தத்தில் ஒரு முகம், ஓரத்தில் ஓர் எழுத்து

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். அதே ஆண்டில் மதராசில் ஓர் ஆங்கிலேயர் யானைத் தந்தத்தில் மனித முகங்களை வரைந்துகொண்டிருந்தார். அவர் பெயர் ஜான் ஸ்மார்ட். 1785 முதல் 1795 வரை அங்கேதான் தொழில்.

தந்தத்தில் எப்படி சார் வரைவாங்கன்னு பிள்ளைகள் கேட்பாங்க. தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, வழவழப்புப் போகத் தேய்த்து, நீர்வண்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு இதற்குக் கன்றுத்தோல்தான். தந்தத்தில் ஒளி கொஞ்சம் ஊடுருவும். அதனால் கன்னத்தில் வண்ணத்தை மெல்லிசாகப் பூசினாலே போதும், தோல் உயிரோடு இருப்பதுபோல் தெரியும். ஆனால் ஈரக்காற்று பட்டால் தகடு வளையும், வெயிலில் வண்ணம் மங்கும். நம்ம ஜோகூர் வெக்கையில் வைத்துக் காப்பாற்றுவது சிரமம்தான்!

1839 வரை புகைப்படம் என்ற பேச்சே இல்லை. கப்பல் இங்கிலாந்து போய்ச் சேரப் பல மாதம் ஆகும். கும்பினி அதிகாரி தன் முகத்தைத் தீப்பெட்டி அளவில் வரையச் சொல்லி ஊருக்கு அனுப்புவார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவையும் ஸ்மார்ட் வரைந்தார். ஓவியத்தின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு, அதோடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. இந்தியாவில் வரைந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். மாணவருக்குச் சான்று வாசிக்கக் கற்றுத்தர இதைவிடச் சுலபமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

(யானையைக் காக்க பிரிட்டன் 2018-இல் தந்தச் சட்டம் கொண்டுவந்தது. 1918-க்கு முந்தைய இத்தகைய சிற்றோவியங்களுக்கு, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாதவரை, விலக்கு உண்டு.)

சரி, நவாப்புக்கு முகம் இருக்கு. அவருக்குப் பல்லக்குத் தூக்கியவருக்கு? பின்னாளில் அதே மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறி ஜோகூர் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம்மவருக்கு? தந்தமும் கிடையாது, பல காலம் புகைப்படமும் கிடையாது. அவசரகாலம் தொடங்கிய 1948-இல் மலாயாவில் அடையாள அட்டை வந்தது. அதில் ஒட்டிய படம்தான் பல தோட்டத்துத் தாத்தா பாட்டிகளின் முதல் முகப்படம். அதுவும் ஒரு கட்டைவிரல் அளவுதான்.

அடுத்த வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்க, வீட்டில் இருக்கிற மிகப் பழைய முகப்படம் எது என்று. கிடைத்தால் ஒரு நகல் எடுத்து, பின்பக்கம் பெயர், ஆண்டு, தோட்டத்தின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.