திண்ணையும் கச்சேரியும்: குயிலாப்பாளையம் – மரக்காணம் கடற்கரையை முன்வைத்துக் கிராமக் கணக்கின் பணியிட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டிலிருந்து பணிபுரிவதா, அலுவலகத்திலிருந்து பணிபுரிவதா என்னும் வினா 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழகத்தின் நில நிருவாகத்தில் இவ்வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசப்பட்டு 1980ஆம் ஆண்டில் சட்டத்தால் முடிவு கட்டப்பெற்ற ஒன்றாகும். கர்ணம் எனப்பட்ட கிராமக் கணக்குப்பிள்ளையின் வீடே கிராமத்தின் வருவாய் அலுவலகமாக இருந்த நிலையையும், அந்நிலை மாறிய வரலாற்றையும், மாற்றத்தால் கிடைத்ததையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உப்பு நிருவாகம் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: கர்ணம், கணக்குப்பிள்ளை, கச்சேரி, அடங்கல், உப்பளம், கிராம நிர்வாக அலுவலர், பணியிடம்

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை குறுகிய தொலைவுக்குள் ஆட்சி எல்லையைப் பலமுறை கடக்கிறது. முத்தியால்பேட்டை புதுச்சேரிக்கு உரியது. அடுத்துவரும் கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டுக்கு உரியவை. அதற்கும் வடக்கே காலாப்பட்டு மீண்டும் புதுச்சேரிக்கு உரியது. பிரெஞ்சு ஆட்சியும் ஆங்கில ஆட்சியும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடந்த காலத்தின் எச்சம் இது. இச்சாலைக்குச் சற்று மேற்கே, ஆங்கில எல்லைக்குள் இருந்த ஊர் குயிலாப்பாளையம். 1993 செப்டம்பர் 30ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இன்று வானூர் வட்டத்தில் அடங்கும். 1968 பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரியத்தை ஒட்டியிருப்பதால், இன்று இவ்வூரின் பெயர் கணினித் தொழிலோடும் கைவினைக் கூடங்களோடும் சேர்த்தே பேசப்படுகிறது.

இத்தகைய ஊரில் ஒருவருடைய நிலம் எது, அதன் பரப்பு எவ்வளவு, அதில் என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்பனவற்றை எழுதிவைத்தவர் எங்கே அமர்ந்து எழுதினார்? எளிய வினாதான். ஆனால் விடை, ஊரில் யார் யாரைக் கண்டு அஞ்சினர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

வீடே அலுவலகம்

கணக்குப்பிள்ளையின் பணி ஆங்கிலேயர் ஏற்படுத்தியதன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டுச் சாகீர்ப் பகுதியில் நடத்திய நில அளவைக்கு அடிப்படையாக அமைந்தவை ஊர்க் கணக்குகளே. ஓலையில் எழுதப்பட்ட அக்கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. வீடுகள், ஏரிகள், மானியங்கள், விளைச்சலில் கோயில் முதல் வண்ணார்வரை ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆகிய அனைத்தும் அவற்றில் பதிவாகியுள்ளன. ஓலைக்கட்டு கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பரணில் இருந்தது. அவருக்குரிய ஊதியமும் களத்துமேட்டில் அளக்கப்படும் மேரையாகவும் மானிய நிலமாகவும் வந்தது. பணி, ஊதியம், ஆவணம், குடியிருப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. தந்தைக்குப்பின் மகனுக்கு அவை நான்கும் ஒருசேர மாறின.

கம்பெனி ஆட்சி இந்நிலையைக் கலைக்கவில்லை என்பதே கவனத்திற்குரியது. 1802ஆம் ஆண்டின் 29ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் சமீன் பகுதிகளில் கர்ணத்தின் பணியை வரையறுத்தது. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820களில் இரயத்துவாரி முறை நிலைபெற்றபோது கர்ணத்தின் இன்றியமையாமை பன்மடங்காயிற்று. இடைத்தரகரின்றி ஒவ்வோர் உழவரோடும் அரசு நேரடியாகத் தீர்வை பேசவேண்டுமெனில், ஒவ்வொரு வயலையும் அறிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். அத்தனை ஊர்களிலும் அலுவலகம் கட்டி எழுத்தரை அமர்த்த அரசிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே ஏற்கெனவே திண்ணையில் அமர்ந்திருந்தவரையே அரசு தன் அலுவலராக்கிக்கொண்டது. 1864ஆம் ஆண்டின் கிராம வரிச் சட்டத்திற்குப்பின் மேரைக்கும் மானியத்திற்கும் மாற்றாகப் பணச் சம்பளம் பரவியது. சம்பளம் கசானாவுக்கு இடம்பெயர்ந்தபின்பும் கணக்குக் கட்டு வீட்டைவிட்டு நகரவில்லை.

‘கச்சேரி’ என்னும் சொல் அக்காலத் தமிழில் அரசு அலுவலகத்தையே குறித்தது. ‘கலெக்டர் கச்சேரி’, ‘தாலுகா கச்சேரி’ என்னும் வழக்குகள் அண்மைக்காலம்வரை ஊர்ப்புறங்களில் ஒலித்தன. (இன்று அச்சொல் பாடகர்களுக்கு உரியதாகிவிட்டது.) கச்சேரியின் எழுத்துமுறை கையொப்பத்தையும் சான்றொப்பத்தையும் ஆவணத்தின் உண்மைக்கு அளவுகோலாக்கியது என்பதைப் பவானி ராமன் தம் ‘டாக்குமென்ட் ராஜ்’ (2012) நூலில் விரிவாகக் காட்டுகிறார். எனினும் அக்கச்சேரி வட்டத் தலைநகரோடு நின்றது. அதற்குக் கீழே, ஊரில், திண்ணையே நீடித்தது. ஆண்டுக்கொருமுறை சமாபந்தியின்போது கர்ணம் கணக்குகளைத் துணியில் கட்டி எடுத்துச்சென்று கச்சேரியில் சரிபார்க்கக் கொடுப்பார். ஒப்புதல் பெற்றபின் கட்டு மீண்டும் வீட்டுக்கே திரும்பும்.

உப்புக்கு ஒரு நீதி

அரசு நினைத்திருந்தால் பணியிடத்தை மாற்றியிருக்க முடியாதா? இவ்வினாவுக்கு இக்கடற்கரையே விடை தருகிறது. 1805ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையானது. அன்றுமுதல் உப்பளத்தில் விளைந்தது களத்திலேயே குவிக்கப்பட்டு, எடைபோடப்பட்டு, காவலுக்குள் வைக்கப்பட்டது. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் இக்கட்டுப்பாட்டை இறுக்கின. உப்பு இலாகாவின் கணக்கு உள்ளூர்க் குடும்பம் எதனுடைய பரணிலும் ஏறவில்லை. அரசு சம்பளம் பெறும், இடமாற்றத்திற்கு உட்பட்ட ஊழியர், அரசுக்குரிய இடத்தில் அமர்ந்து அதனை எழுதினார். 1931ஆம் ஆண்டின் காந்தி – இர்வின் உடன்படிக்கை கடலோர ஊர்மக்கள் தம் வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்க இசைந்தபோதுதான், அக்கட்டுப்பாட்டில் வீடு என்பதற்கு ஓர் இடம் கிடைத்தது.

ஒரே கடற்கரையில், ஒரே அரசின்கீழ், உப்புக்கு அலுவலகமும் நிலத்துக்குத் திண்ணையும் அமைந்ததற்குச் செலவு ஒரு காரணம் மட்டுமே. உப்பளம் ஓரிடத்தில் குவிந்தது, வயல்கள் பரவியவை. அதைவிட முதன்மையான காரணம், உப்புக் கணக்கில் தவறினால் இழப்பு அரசுக்கு. நிலக் கணக்கில் தவறினால் இழப்பு பெரும்பாலும் உழவருக்கு. ஊரின் மொத்தத் தீர்வை வந்து சேரும்வரை, அதனை யார் தலையில் எவ்வளவு ஏற்றினார் என்பது கச்சேரியை உறுத்தவில்லை.

திண்ணையின் ஆட்சி

கணக்குப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்றவர் குடிமகனாகச் செல்லவில்லை. விருந்தினரல்லாத ஓர் அயலாராகச் சென்றார். அலுவலகத்துக்கு நேரம் உண்டு, வீட்டுக்கு அது கிடையாது. ‘ஐயா சாப்பிடுகிறார்’, ‘ஐயா உறங்குகிறார்’ என்னும் விடைகளுக்கு மேல்முறையீடும் கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலை இன்னும் கடுமையானது. கர்ணத்தின் வீடு இருந்த தெருவுக்குள் நுழைவதற்கே தடை நிலவிய ஊர்களில், தம் பெயரில் உள்ள நிலத்தின் அடங்கலைக் காண்பதற்கு அவர்கள் பிறர் ஒருவரின் தயவை நாடவேண்டியிருந்தது. பட்டா கையில் இருந்தும் எல்லை எங்கே என்று அறியாத உழவர் பலர் இருந்தமைக்கு எழுத்தறிவின்மை மட்டும் காரணமன்று. எழுத்து இருந்த இடமும் ஒரு காரணம்.

‘கணக்கன் கெட்டால் பழங்கணக்குப் பார்ப்பான்’ என்னும் பழமொழி கணக்குப்பிள்ளையைக் கேலி செய்வதாகத் தோன்றினும், பழங்கணக்கு அவன் கைக்கெட்டும் தொலைவில், அவன் வீட்டிலேயே கிடந்தது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரவில் வயலில் வெள்ளம் புகுந்தால் கர்ணத்தை எழுப்பலாம். மூன்று தலைமுறைக்கு முந்தைய பாகப்பிரிவினையை அவர் நினைவிலிருந்தே சொல்வார். எந்த மடை யாருக்குப் பொது, எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பன ஏட்டில் ஏறாதவை. அவை அவ்வீட்டின் பேச்சில் இருந்தன. இவ்வறிவை முழுவதும் சூழ்ச்சி என்று தள்ளுவது எளிது, ஆனால் சரியன்று.

சட்டத்தின் வருகை

பரம்பரை உரிமையை 1895ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் உறுதிசெய்திருந்தது. விடுதலைக்குப்பின் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆந்திரப் பகுதியிலிருந்து எழுந்த கசுலா தசரத ராம ராவ் வழக்கில், கிராம அலுவலர் பதவிக்குக் குடும்ப வாரிசு என்பதால் முன்னுரிமை தருவது அரசமைப்பின் 16ஆவது பிரிவுக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பதவிகளை நீக்கியது. ஆயினும் புதிய விதிகளின்கீழ் அமர்த்தப்பட்டோரும் பகுதிநேர ஊழியர்களே. பகுதிநேரம் என்பதன் நடைமுறைப் பொருள், அலுவலகம் வேறெங்கும் தேவையில்லை என்பதே. பரம்பரை ஒழிந்தும் திண்ணை ஒழியவில்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒழித்தது. 1981ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதவியிழந்தனர். கணக்குகளை ஒப்படைக்க ஆணை பிறந்தது. பசலி 1390இல், வீட்டுப் பரண்களிலிருந்து கட்டுகள் இறங்கின. முழுநேர ஊழியராகவும், தேர்வின்வழி அமர்த்தப்படுபவராகவும், இடமாற்றத்திற்கு உட்பட்டவராகவும் கிராம நிர்வாக அலுவலர் என்னும் புதிய பதவி உருவானது. பதவியிழந்தோர் தொடுத்த கே. இராசேந்திரன் வழக்கில், பதவியை ஒழிப்பது வேறு, பணியாளரைத் தண்டனையாக நீக்குவது வேறு எனக் கூறி உச்சநீதிமன்றம் 1982இல் சட்டத்தை ஏற்றது. கல்வித்தகுதி உடைய முன்னாள் அலுவலர்களைப் புதிய பதவிக்குப் பரிசீலிக்க அரசு முன்வந்தது.

உப்பு நிருவாகத்தில் 1805இல் செய்யப்பட்டது நில நிருவாகத்தில் 175 ஆண்டுகள் கழித்து நடந்தேறியது.

இடைவெளியில் நேர்ந்தது

காலம் ஒரு சிக்கலையும் உடன்வைத்தது. நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் – யு.டி.ஆர். என்று மக்கள் அழைப்பது – 1979இல் தொடங்கி 1987வரை நடந்தது. ஒவ்வொரு நிலத்தின் உடைமையாளரையும் நேரில் விசாரித்துப் பதிவைப் புதுப்பிப்பது அதன் நோக்கம். ஊரை அறிந்தவர் வெளியேறி, ஊருக்குப் புதியவர் நுழைந்த அதே காலத்தில் இப்பணி நடந்தது. பெயர் மாற்றம், உட்பிரிவுப் பிழை, கூட்டுப் பட்டாக் குழப்பம் எனப் பல தவறுகள் பதிவேறின. அவற்றைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் வருவாய்க் கோட்ட அலுவலகங்களுக்கு வருகின்றன. இப்பிழைகள் அனைத்தையும் கர்ணம் ஒழிப்பின்மேல் ஏற்றுவது மிகை. பழைய பதிவுகளே பிழை மலிந்தவையாக இருந்தன. ஆனால் எழுதப்படாமல் திண்ணையில் இருந்த அறிவை ஏட்டில் ஏற்றாமலேயே திண்ணையை மூடியது அவசரமே.

புதிய அமைப்பில் மற்றொரு முரணும் தோன்றியது. வீட்டிலிருந்து அலுவலகத்தைப் பிரித்த அரசு, கிராம நிர்வாக அலுவலர் தம் பணியூரிலேயே குடியிருக்கவேண்டும் என்றும் விதித்தது. அலுவலகம் வீட்டில் இருக்கக்கூடாது. வீடு அலுவலகத்தின் அருகில் இருக்கவேண்டும். கர்ணத்தின்மீது வைக்கப்பட்ட குறை அவர் எப்போதும் ஊரிலேயே இருந்து ஆண்டார் என்பது. அவருக்குப்பின் வந்தவர்மீது மக்கள் வைக்கும் குறை அவர் ஊரில் இருப்பதில்லை என்பது.

கணினியின் வீடு

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, குயிலாப்பாளையத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் 1898இல் தோன்றிய ஆங்கிலோ – பிரெஞ்சு நெசவாலை தன் இறுதி வாரங்களில் இருந்தது. ஏப்ரல் 30ஆம் நாள் அது மூடப்பட்டது. 1936 சூலை 30ஆம் நாள் துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் உயிரிழந்த போராட்டத்தின் வழியாக இந்நகரம் எட்டுமணிநேர வேலையைப் பெற்றது. ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது என்னும் தெளிவு அப்போராட்டத்தின் பயன். சங்கு அடங்கிய அதே மாதங்களில், கணினிப் பணியாளர் தம் வீட்டு அறைகளில் எந்தச் சங்கும் ஒலிக்காத வேலைநாளுக்குள் நுழைந்தனர்.

அதே ஆண்டு நவம்பரில் நடுவண் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டிலிருந்து பணிபுரியும் அழைப்புமையப் பணியாளரைத் தொலைவிலுள்ள மையத்தின் நீட்சியாகக் கொண்டது. கர்ணத்தின் காலத்தில் அரசு வீட்டின் நீட்சியாக இருந்தது. இங்கே வீடு நிறுவனத்தின் நீட்சியாகிறது. கர்ணத்தின் வீட்டிலிருந்த கட்டு அவரிடமே இருந்தது. இன்றைய பணியாளரின் வீட்டிலுள்ள கணினியில் அவருக்கென்று எதுவும் தங்குவதில்லை, கோப்பு அனைத்தும் தொலைவிலுள்ள வழங்கியில் உள்ளது. ஆகவே இவ்விருவரையும் வீட்டிலிருந்து பணிபுரிவோர் என்று ஒரே பெயரால் சுட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதிகாரம் எங்கு இருந்தது என்பதை அமர்ந்த இடம் காட்டவில்லை. கட்டு யார் பரணில் இருந்தது என்பதே காட்டுகிறது.

பட்டாவும் ‘அ’ பதிவேடும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. குயிலாப்பாளையத்து உழவர் ஒருவர் எவருடைய தெருவுக்குள்ளும் நுழையாமல் அவற்றைக் காணலாம். எனினும் யு.டி.ஆர். பிழை ஒன்றைத் திருத்த முற்பட்டால், அவரிடம் கேட்கப்படுவது அத்திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகலே. அதற்காக அவர் வட்ட அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். அங்கிருந்து எடுத்துத் தரப்படும் ஏடு, பெரும்பாலும், கர்ணம் ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து எழுதியது.