பெட்டகமும் வீடும்

பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். குன்றின்மேல் முருகன் கோயில், மேற்கே விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி, தறியோசை கேட்கும் நெசவாளர் தெருக்கள் ஆகியவை இவ்வூரின் பழைய அடையாளங்கள். இன்றோ புதியதோர் அடையாளமும் சேர்ந்துள்ளது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கி.மீ. நீள வெளிவட்டச் சாலை இவ்வூரை ஒட்டிச் செல்கின்றது. அதில் இரவும் பகலும் இரும்புப் பெட்டகங்களைச் சுமந்த நெடிய லாரிகள் ஓடுகின்றன. கன்டெய்னர் என்று நாம் வழங்கும் இப்பெட்டகங்களுள் சில, கடல் வாழ்வு முடிந்தபின் கரையிலேயே தங்கிவிடுகின்றன. அவை கட்டடப் பணியிடத்தில் அலுவலகமாகவும், காவலர் அறையாகவும், உணவகமாகவும், மனிதர் உறங்கும் வீடாகவும் மாறுகின்றன. வீணாகும் பொருளுக்கு மறுவாழ்வு தருவதால் இதனை இயற்கைக்கு இசைந்த கட்டடக்கலை என்று பலர் போற்றுகின்றனர். இப்புகழ்ச்சி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வரலாற்றின் ஒளியில் நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

சரக்குகளை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து கப்பலில் ஏற்றிய காலம் நெடியது. அதனை மாற்றியவர் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி உரிமையாளர். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவருடைய 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல், 58 பெட்டகங்களுடன் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. ஒரு டன் சரக்கை ஏற்ற 5.86 டாலர் செலவான நிலை மாறி, 16 சென்ட் போதும் என்றாயிற்று. தொழிலாளரின் முதுகுச் சுமை குறைந்தது. அவர்களுள் பலரது பிழைப்பும் போயிற்று. சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளில் மோட்டார் தொழிற்சாலைகள் எழுந்தபின், இப்பெட்டகம் நம் வட்டாரத்தின் அன்றாடக் காட்சியாயிற்று.

சரக்கோடு வந்த பெட்டகம், திரும்பிச் செல்லச் சரக்கில்லையேல் வெறுமையாகக் கரையில் காத்துக் கிடக்கும். பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தபின் கடற்பயணத்துக்குத் தகுதியற்றதென விற்கப்படும். 1987இல் பிலிப் கிளார்க் என்னும் அமெரிக்கர், இத்தகைய பெட்டகங்களை வாழத்தக்க கட்டடமாக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி, 1989இல் அதனைப் பெற்றார். 2001இல் லண்டனில் தேம்ஸ் நதியோரம் 'கன்டெய்னர் நகரம்' எழுந்தது. சில ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்கென ஆயிரம் பெட்டக அறைகள் அமைந்தன.

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடுபவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 1995 ஜனவரி 17இல் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் தகாத்தோரி கத்தோலிக்க ஆலயம் தீக்கிரையாயிற்று. வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தோர் பலர் அப்பங்கின் மக்கள். அவர்களுக்காக 58 காகிதக் குழாய்களைத் தூண்களாக நிறுத்தி, தன்னார்வத் தொண்டர்களின் கைகளாலேயே ஓர் ஆலயத்தை எழுப்பினார் பான். பத்தாண்டுகள் பயன்பட்ட அவ்வாலயம் 2005இல் பிரிக்கப்பட்டுத் தைவானுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கே மீண்டும் எழுந்தது. 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை ஒனகாவா என்னும் ஊரை அழித்தபோது, அவர் சரக்குப் பெட்டகங்களை நாடினார். சதுரங்கக் கட்டங்களைப்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று அடுக்குகளில் அவற்றை நிறுத்தினார். குளியலறையும் குழந்தைகளின் அறையும் பெட்டகத்துள் அமைந்தன. இடையே விட்ட வெற்றிடமே காற்றும் ஒளியும் நிறைந்த கூடமாயிற்று. பெட்டகத்தைவிடப் பெட்டகங்களுக்கு இடைப்பட்ட வெளியே அங்கு வீடாயிற்று என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

லண்டனும் ஒனகாவாவும் குளிர் மிகுந்த இடங்கள். நம் நிலையோ வேறு. 2003 மே மாத இறுதியில் சென்னையின் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டதை நாம் மறந்துவிட இயலாது. செங்கல்லைவிட இரும்பு ஐம்பது மடங்கு அளவில் வெப்பத்தைக் கடத்தவல்லது. பெட்டகத்தின் சுவரோ ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தகடு. வெயிலில் தனித்து நிற்கும் இரும்புப் பெட்டி, நண்பகலில் அடுப்பாக மாறாமல் வேறென்ன செய்யும்? அதனைக் குளிர்விக்கக் குளிர்சாதனத்தை நாள் முழுதும் இயக்கினால், மறுபயன்பாட்டால் காத்த இயற்கையை மின்சாரத்தால் இழக்கிறோம்.

இச்சிக்கலுக்கு நம் முன்னோரின் வீடுகள் வழி காட்டுகின்றன. குழித்தறியில் நெய்வோருக்கு வறண்ட காற்று ஆகாது, பட்டிழை அறுந்துவிடும். ஆதலால் மண்ணின் குளிர்ச்சியும் ஓட்டுக் கூரையின் நிழலும் அவர்தம் தொழிலுக்கே துணையாயின. 'மெட்ராஸ் டெரஸ்' எனப் பெயர்பெற்ற கூரையில், மர விட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தனர். அதன் கனமே வெப்பத்தைத் தடுத்தது. திண்ணையும் முற்றமும் காற்றுக்கு வழிவிட்டன. பெட்டகத்தை நாம் வீடாக்க விரும்பினால், இவற்றையே அதற்கும் ஈதல் வேண்டும். மேலே இடைவெளி விட்டு இரண்டாவது கூரையொன்று வேண்டும். எதிரெதிரே சாளரங்கள் வேண்டும். வெட்டிய இடத்தில் வலுக் குறையாதிருக்க இரும்புச் சட்டம் பொருத்த வேண்டும். மேற்கு வெயிலைத் தாங்க மரநிழலும், பூச்சிமருந்து ஊறிய பழைய மரத் தளத்துக்கு மாற்றும் தேவை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நொடிக்கு 29,000 கன அடி அளவில் திறந்துவிடப்பட்டு, அடையாற்றங்கரை ஊர்கள் மூழ்கியதை அறிந்த நாம், தரையினின்று உயர்த்தி நிறுத்தவும் மறத்தல் ஆகாது.

இதனினும் பெரிய வினா ஒன்றுண்டு. இப்பெட்டிகளில் வாழ்வோர் யாவர்? செல்வர் விரும்பி அமைக்கும் பெட்டக இல்லத்தில் மேற்சொன்ன வசதிகள் அனைத்தும் உண்டு. வடமாநிலங்களிலிருந்து வந்து நம் புறநகரின் அடுக்குமாடிகளை எழுப்பும் தொழிலாளர்க்கோ பெரும்பாலும் வெறும் தகரமே கூரை. கட்டடத் தொழிலாளர்க்கு வேலை கொடுப்போர் தற்காலிகக் குடியிருப்பை இலவசமாகத் தரவேண்டுமென 1996ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் விதித்தது. தலைக்குமேல் ஒரு தகடு இருந்தால் கடமை முடிந்தது எனக் கொள்வது அச்சட்டத்தின் உயிரை மறுப்பதாகும். கழித்த பொருளைக் காப்பது அறம். கழித்த பொருளை எளியோர் தலையில் கட்டுவது அறமன்று.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் திருமடல், பூமியை நம் பொது இல்லம் என அழைத்தது. தூக்கி எறியும் பண்பாடு பொருள்களோடு நில்லாமல் மனிதரையும் ஒதுக்குவதை எடுத்துரைத்தது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் அமைத்த இறைவனின் கூடாரத்தை விடுதலைப் பயண நூல் விரிவாகக் கூறுகின்றது. மெல்லிய நார்ப்பட்டு, அதன்மேல் வெள்ளாட்டு உரோமத் துணி, அதற்கும் மேலே இருவகைத் தோல்கள் என நான்கு விரிப்புகள் அதற்கு இருந்தன. கழற்றி எடுத்துச் செல்லும் தற்காலிகக் கூடாரமே அது. எனினும் அதன் கூரையில் குறை வைக்கவில்லை. குன்றத்தூர்ச் சாலையோரப் பெட்டகத்துள் உறங்கும் தொழிலாளியிடமும் அவ்விறைவனின் சாயலே உள்ளது. அவர் தலைக்குமேல் இரண்டாவது கூரையொன்று எழ வேண்டுமென நாம் குரல் கொடுப்போமாக.