ரப்பர் வளையத்தின் கதை

மோட்டார் வண்டியின் வரலாறு என்றதும் பெரும்பாலோர் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு எத்தனை மைல் என்பவையே முதலில் நாவில் வரும். மாணவ நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்ததோ உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு வளையத்தைப் பற்றி. பட்டறைகளில் அதனைப் 'புஷ்' என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியின் சட்டத்தோடு சேரும் மூட்டில் அது அமர்ந்திருக்கிறது. நம் முழங்காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு இல்லையா, அதைப் போல. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது மூட்டு தாராளமாகத் திரும்ப வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் நழுவக் கூடாது. சாலையின் அதிர்ச்சியை உள்ளே விடவும் கூடாது. இவ்வளவையும் ஒரே வளையத்திடம் எதிர்பார்க்கிறோம். கதையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு இதில் அக்கறை பிறந்தது ஓர் அச்சத்தினால். நான் வைத்திருந்த பழைய கார், மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கிற்று. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பிரேக்கைப் பழித்தேன், டயரையும் பழித்தேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, எஞ்சின் எண்ணெய் சொட்டி ஊறிக் களிபோல் ஆகிவிட்ட ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துக் காட்டினார். முப்பதாண்டுகளுக்கு மேல் பாடம் சொன்னவன் அன்று மாணவனாக நின்றேன். அதன் பின்னரே இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

தொடக்க காலக் கார்கள் குதிரை வண்டியின் வாரிசுகள். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804ஆம் ஆண்டில் உரிமை பதிந்த நீள்வட்ட வில்பட்டை, நூறாண்டு கழித்தும் காரின் அடியில் கிடந்தது. மூட்டுகளில் வெண்கல வளையம் இருந்தது. உலோகத்தின் மேல் உலோகம் உரசுவதால் சில நூறு மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இட வேண்டும். மறந்தால் தேயும், கடகடக்கும்.

ரப்பர் வந்தது இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டவே. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை 1839இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டார். 1844இல் உரிமை பெற்றார். 1860இல் கடனாளியாகவே இறந்தார். (அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் அவருடையதன்று, அவர் மறைந்து நெடுநாள் கழித்துப் பிறர் தொடங்கியது.) 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் பரவின. அந்த மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவிப் பால் எடுத்தவர்களுள் மிகப் பலர் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள். உலகத்துக் கார்களின் மூட்டுகளில் நம்மவர் உழைப்பும் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டு எஃகுக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை நெருக்கி அடைக்கும் முறை 1920களில் பரவிற்று. 'சைலன்ட்பிளாக்' என்னும் வணிகப் பெயரே பின்னர் பொதுப்பெயராயிற்று. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். இங்கே எதுவும் எதன்மேலும் உரசவில்லை. உள்குழாய் ஒருபுறம் திரும்ப, வெளிக்குழாய் அசையாது நிற்க, நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு பிறகு பழைய நிலைக்கு மீள்கிறது. ஆகவே கிரீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை. ஆனால் முறுக்கக்கூடிய பொருள் நசுங்கவும் செய்யும் அல்லவா?

அதன் விளைவை 1959இல் பிறந்த 'மினி' என்னும் சிறு காரில் நன்கு காணலாம். 1956ஆம் ஆண்டுச் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. சிக்கனமான சிறு கார் ஒன்று வேண்டுமென்று அலெக் இசிகோனிஸிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. பத்தடி நீளமே உள்ள வண்டி. அதில் இரும்பு வில்லுக்கு இடமில்லை என்று கண்டு, அலெக்ஸ் மௌல்டன் ரப்பர்க் கூம்புகளையே வில்லாக அமைத்துக் கொடுத்தார். 1961இல் ஜான் கூப்பரின் பெயரோடு வேகமான வடிவம் வெளிவந்தது. அந்தக் குள்ளக் கார் மான்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் பெரிய கார்களை வென்றது. 1966இலும் முதலாவதாக வந்தது. முகப்பு விளக்கு விதிப்படி இல்லையென்று தள்ளிவிட்டனர்.

மினியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலிருந்து ஒரு கம்பி முன்னோக்கிச் சென்று சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். அது மாட்டப்பட்ட இடத்தில் இருப்பது ரப்பர் வளையம். பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ரப்பர் நசுங்குகிறது, சக்கரத்தின் சாய்வு சிறிதே மாறுகிறது. கடைவீதிக்குப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. வளைவில் கடைசி நொடியில் பிரேக் பிடிக்கும் பந்தயக்காரருக்கோ ஸ்டியரிங் கைக்குள் நிற்பதில்லை.

மாற்று மருந்து ஜெர்மனியிலிருந்து வந்தது. லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயர் 1937இல் பாலியூரித்தேன் ஆக்கும் முறையைக் கண்டார். பேயர் நிறுவனத்தை நிறுவிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை. பெயர் மட்டும் ஒன்று. இப்பொருளை மெத்தைப் பஞ்சாகவும் செய்யலாம், சக்கரமாகவும் வார்க்கலாம். கூட்டுப்பொருள்களின் தேர்வைப் பொறுத்தது அது. இயற்கை ரப்பரை ஊறச் செய்யும் எண்ணெய் இதனை எளிதில் தொடாது. கார்ப் பிரியர்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு இவ்வளையங்களைப் பொருத்தும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டனர். ஷோர் ஏ என்னும் கடினத்தன்மை அளவில் ரப்பர் வளையம் சுமார் 50 முதல் 60 வரை நிற்கும். பாலியூரித்தேன் பெரும்பாலும் 80க்கு மேல்.

வேடிக்கை என்னவென்றால், மினியைச் செய்தவர்களே எதிர்த்திசையில் சென்றனர். சத்தத்தைக் குறைக்க 1976இல் சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே புதிதாக ரப்பரைப் புகுத்தினர். தொழிற்சாலை மென்மையாக்கியதை ஆர்வலர் கடினமாக்கினார்.

பாலியூரித்தேன் வளையம் குழாயோடு ஒட்டாது. அதன்மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஆதலால் கிரீஸ் வேண்டும், வற்றிப்போனால் கிறீச்சிடும். வெண்கலக் காலத்துத் தொல்லை வேறு வேடத்தில் திரும்பி வந்தது! ஒரே மூட்டு இரண்டு மூன்று திசைகளில் அசைய வேண்டிய இடத்தில் இதனைப் போட்டால் மூட்டு இறுகி, பளு உலோகத்தின் மேல் விழுகிறது. இன்னொன்றும் சொல்வேன். புதிய பாலியூரித்தேனைப் புகழ்கிறவர்களிற் பலர் ஒப்பிடுவது இருபது வருஷம் வெந்து தேய்ந்த ரப்பரோடு. புதிய ரப்பரோடு ஒப்பிட்டால் வேறுபாடு பாதியாகும் என்பது என் எண்ணம். மினியின் கம்பி முனையில் கடின வளையம் பொருந்தும். எல்லா மூட்டுக்கும் அதுவே என்பதை நான் ஏற்கமாட்டேன்.

மெக்கானிக் என்னிடம், "எதைப் போடட்டும், சார்?" என்று கேட்டார். ரப்பரே போதும் என்றேன். "அப்படியானால் எண்ணெய்க் கசிவை முதலில் அடைக்கிறேன்" என்று சொல்லி மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்தார்.