விப்பிள் அறுவை

கணையத்தில் போடும் தையல் வெண்ணெயில் போட்டதுபோல. நூலே அறுத்துக்கொண்டு வந்துவிடும். அறுவைப் பிரிவில் செவிலியாக இருந்தவள் நான். வடிகுழாயில் சாம்பல் நிற நீர் வந்தாலே வயிற்றைப் பிசையும்: கணைய நீர் கசிகிறது.

கணையத் தலைப் பகுதியில் புற்று வந்தால் அந்தத் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து அகற்றுவதே விப்பிள் அறுவை. பெர்லினில் வால்டர் கௌஷ் 1909லேயே இதை இரண்டு கட்டமாகச் செய்துவிட்டார். 1935இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிளும் இரண்டு கட்டமாகத்தான் செய்தார். காரணம், புற்று பித்தநாளத்தை அடைத்துக் காமாலை வந்தவருக்கு ரத்தம் எளிதில் உறையாது. வைட்டமின் கே அந்தத் தடையை நீக்கியது. 1940இல் ஒரே அமர்வில் முடித்தார். 1960களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவர் வீடு திரும்பவில்லை. கைவிடலாம் என்றுகூட வாதிட்டார்கள். நல்லவேளை, விடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கேமரூன் குழு தொடர்ந்து 145 அறுவைகளை ஓர் இறப்புகூட இல்லாமல் முடித்ததாக 1993இல் அறிவித்தது. பழகிய கைகளின் சாதனை அது.

புற்று திரும்புவதைத்தான் கத்தியால் தடுக்க முடியவில்லை. 2018இல் வெளியான பிரெஞ்சு-கனடிய ஆய்வில், அறுவைக்குப் பின் கூட்டு கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 54 மாதம். ஒற்றை மருந்து பெற்றவர்களுக்கு 35.