ஹொட்டேலின் முன்வாசலும் பின்கதவும்

போன வருசம் ஆடி மாதம் நோர்வேயில் இருந்து என்னுடைய மச்சான் குடும்பத்தோடு ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தார். றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீடு இருக்க, பிள்ளைகளின் விருப்பம் என்று ரொறன்ரோ நகர மத்தியில் ஹொட்டேல் அறை எடுத்துவிட்டார். அடுத்த நாள் காலமை போன் அடித்து, "மச்சான், நீ இந்தப் பக்கம் ஆறு வருசம் வேலை செய்தனி எல்லே? கிட்டடியிலை பார்க்கிறதுக்கு என்ன இருக்கு, சொல்லு பாப்பம்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. 1987 இல் அகதியாக வந்து, அந்தப் பகுதியில் ஒரு ஹொட்டேல் குசினியில் கோப்பை கழுவினவன் நான். பின்பக்கத்து ஒழுங்கை, வேலையாட்கள் போகும் கதவு, சுரங்க ரயில், கடைசி பஸ், இவ்வளவும்தான் நான் அறிந்த ரொறன்ரோ. "சீ.என். ரவர் இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். 1976 இல் திறந்த, 553 மீற்றர் உயரமான அந்தக் கோபுரத்திலும் நான் ஒருநாளும் ஏறினதில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு வாசிகசாலையில் புத்தகங்கள் எடுத்து வாசித்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கோ ரயிலில் போய் இறங்கி, நடந்து நடந்து பார்த்தேன். ஒன்ராறியோ மாகாணத்தின் தலைநகரான இந்த நகரத்தைப் பற்றி அப்படி அறிந்ததில் சிலவற்றை எங்கள் புத்தாண்டு மலரில் எழுதி வைக்கிறேன்.

முதலில் யூனியன் ஸ்ரேசன். 1914 இல் கட்டத் தொடங்கி 1920 அளவில் கட்டட வேலை முடிந்தும், தண்டவாளங்களை எப்படிக் கொண்டுவருவது என்ற இழுபறியால் 1927 ஆகஸ்ட் 6 ஆம் திகதிதான் வேல்ஸ் இளவரசர் எட்வேர்ட் அதைத் திறந்து வைத்தார். பெரிய மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், அந்நாளில் ரயில் ஓடிய கனடிய நகரங்களின் பெயர்கள் சுவரில் செதுக்கியிருப்பதைக் காணலாம். எத்தனையோ தரம் அதுக்குள்ளால் ஓடியிருக்கிறேன். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

வீதிக்கு மற்றப் பக்கம் றோயல் யோர்க் ஹொட்டேல். பழைய குயின்ஸ் ஹொட்டேலை இடித்த காணியில் கனடியன் பசுபிக் ரயில்வே கொம்பனி கட்டி, 1929 ஜூன் 11 ஆம் திகதி திறந்தது. 28 மாடிகள், 1,048 அறைகள். அந்த நேரம் பிரித்தானியப் பேரரசிலேயே உயரமான கட்டடம் அதுதான்.

அந்த ரயில்வேக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1880 தொடக்கம் 1885 வரை மலையைக் குடைந்து மேற்குப் பகுதிப் பாதையைப் போட, சுமார் 17,000 சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். வெடியிலும் குளிரிலும் நோயிலும் பலர் செத்தார்கள். பாதை முடிந்த அதே 1885 இல், இனி வருகிற சீனர் தலைக்கு 50 டொலர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1903 இல் அது 500 டொலர். 1923 இல் கதவையே அடைத்துவிட்டார்கள். திறந்தது 1947 இல். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2006 இல்தான். 1989 இல் அவர்களுக்கு வைத்த நினைவுச் சின்னம் ரவருக்குக் கிட்ட, பேஸ்போல் மைதானத்துப் பக்கம் நிற்கிறது. பார்க்க வருபவர்கள் குறைவு.

அங்கிருந்து வாவிக்கரைக்கு நடந்தால் அயர்லாந்துப் பூங்கா. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழிந்து பஞ்சம் வந்தபோது, சுமார் 20,000 பேர் வாழ்ந்த இந்த ஊருக்கு 1847 என்ற ஒரே வருசத்தில் 38,560 பேர் வந்து இறங்கினார்கள். யோசித்துப் பாருங்கோ! கப்பலிலேயே ரைபஸ் காய்ச்சல் பிடித்து வந்தவர்களை வைத்துப் பார்க்க கிங் வீதியும் ஜோன் வீதியும் சந்திக்கும் இடத்தில் கொட்டில்கள் போட்டார்கள். இன்றைக்கு அந்த மூலையில் சினிமா மண்டபம் நிற்கிறது. 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களைப் பராமரிக்கப் போன வைத்தியர் கிறாசெற்றும் ஆயர் மைக்கல் பவரும் அதே காய்ச்சலில் இறந்தார்கள்.

2007 இல் திறந்த அந்தப் பூங்காவில் ஐந்து வெண்கல உருவங்கள் எலும்புந் தோலுமாக நிற்கின்றன. அயர்லாந்தில் இருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பேத்தி இடுக்குக்குள் எட்டிப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டு, "அம்மப்பா, இவையளும் எங்களை மாதிரி வந்தவையோ?" என்று கேட்டாள். 1986 இல் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கடை சனத்தின் கதையை அவளுக்கு அந்தக் கல்லடியில் இருந்துதான் சொன்னேன்.

குயீன் வீதியில் உள்ள ஒஸ்கூட் ஹோல் நீதிமன்றக் கட்டடத்தில் என்னைப்போல ஒருவர் சாப்பாட்டுச்சாலை வேலை செய்திருக்கிறார். தோர்ண்ரன் பிளக்பேர்ண் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் அடிமையாக இருந்து 1831 இல் மனைவி லூசியோடு தப்பியவர். 1833 இல் டிற்ரொயிற்றில் பிடித்துத் திருப்பி அனுப்பப் பார்க்க, அங்கிருந்த கறுப்பின மக்கள் எழும்பி நின்று இருவரையும் மீட்டு ஆற்றைக் கடக்க வைத்தார்கள். அமெரிக்கப் பக்கம் ஆட்களைத் திருப்பித் தா என்று கேட்டும், இங்கத்தைய ஆட்சியாளர் கொடுக்க மறுத்துவிட்டார். 1837 இல் தோர்ண்ரன் குதிரை வண்டி ஒன்று செய்வித்து ஓடினார். இந்த நகரத்தின் முதல் ரக்சி அதுதான்! எங்களுடைய ஆட்கள் எத்தனை பேர் அந்தத் தொழிலில் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் இருவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. அதனால் கதை மண்ணோடு போனது. 1985 இல் ஒரு பள்ளிக்கூட வளவில் அவர்களுடைய வீட்டின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்த பிறகுதான், ஆராய்ச்சியாளர்கள் பழைய கடுதாசிகளைத் தேடித் தேடி அதை மீட்டார்கள்.

அவர்களுக்கு எழுதத் தெரியாது. எங்களுக்கு என்ன குறை? 2009 ஜனவரியில் இந்த யூனியன் ஸ்ரேசன் பக்கமும் கொட்டும் பனிக்குள் கைகோர்த்து மனிதச் சங்கிலியாக நின்றோமே, அதைப் பேரப்பிள்ளைகளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

கடைசியாக எங்கள் ஊர்க் கதை. யங் வீதி வழியே வடக்கே வந்தால், இன்றைய றிச்மண்ட் ஹில்லின் வடபகுதியில் 1799 அளவில் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த சுமார் 40 பேர் காடு வெட்டிக் குடியேறினார்கள். குளிரும் வேலையும் தாங்காமல் சில வருசங்களிலேயே பெரும்பாலானோர் போய்விட்டார்கள். எங்களுக்கு இருநூறு வருசம் முன்னமே இந்த மண்ணில் அகதிகள் காலடி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே சங்கத்து உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். முதல் சம்பளத் துண்டு, ஊரில் இருந்து வந்த கடிதம், அகதி வழக்குக் கடுதாசி எதையும் எறியாதேயுங்கோ. ஒரு கொப்பியில் நாலு வரியாவது எழுதி வையுங்கோ. மச்சான் அடுத்த முறை வரும்போது முன்வாசலையும் காட்டுவேன், நான் போய்வந்த பின்கதவையும் காட்டுவேன். இரண்டும் வரலாறுதான்.